ஸ்டார்ட்டை மேடையோடு அளந்து நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃப்ரீஸ்டைல் நீச்சலின் ஸ்டார்ட் முறைகளை, அதாவது மேடையிலிருந்து தண்ணீரில் பாய்ந்து போட்டியைத் தொடங்கும் முறைகளை ஒப்பிட்டு, சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மேடையை விட்டு யார் முதலில் கிளம்புகிறாரோ அவருடைய முறையே சிறந்தது என்ற முடிவை, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

கிராப் ஸ்டார்ட்டில் இரு பாதங்களும் மேடை விளிம்பில் இருக்கும், கைகள் விளிம்பைப் பற்றியிருக்கும். கிளம்பச் சற்றுத் தாமதம்தான். ஆனால் இரண்டு கால்களும் கடைசிவரை சேர்ந்து உதைக்கும். டிராக் ஸ்டார்ட்டில் ஒரு கால் பின்னால் போகிறது. ஆள் சீக்கிரம் கிளம்பிவிடுவார். தட்டையான மேடையில் பின்காலை ஊன்ற இடமில்லாததால் உந்துதலில் கொஞ்சம் போய்விடும். அதனால்தான் பல வருட ஆய்வுக்குப் பிறகும், ஒலி கேட்டதிலிருந்து 15 மீட்டரை எட்ட ஆகும் நேரத்தை வைத்து இந்த இரண்டில் எது மேல் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது மேடையின் பின்பக்கம் வந்த சாய்வுப் பலகை. ஒலிம்பிக்கில் அந்த மேடை முதலில் வந்தது 2012 லண்டனில். பின்கால் பலகையில் ஊன்றி உதைப்பதால் சீக்கிரமும் கிளம்பலாம், வேகமும் குறையாது. கிக் ஸ்டார்ட் என்பது அதுதான். கட்டுரையில் பலகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

அமெரிக்க வீரர் ஜேசன் லெசாக்கின் 46.06 விநாடியை இந்த ஒப்பீட்டில் சேர்த்ததும் பொருந்தவில்லை. அது 2008 பெய்ஜிங் ரிலேயின் கடைசி 100 மீட்டர். முன்னவர் சுவரைத் தொட வருவதைப் பார்த்துக்கொண்டே பாய்வது வேறு, மேடையில் அசையாமல் ஒலிக்குக் காத்திருப்பது வேறு.

நீரில் நுழையும்போது இருக்கும் வேகம், அப்புறம் கைகால் போட்டு நீந்தும் வேகத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறோம் என்பதில்தான் ஸ்டார்ட் இருக்கிறது. 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. டோக்கியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டரை 21.07 விநாடியில் வென்ற அமெரிக்கர் கேலப் டிரஸ்ஸலின் வீடியோவைப் பாருங்கள்: வயிறு தட்டாமல், கை முதல் கால் வரை ஒரே துளையில் நுழைவதுபோல் நீரில் நுழைந்து, இரு கால்களையும் சேர்த்து அடிக்கும் டால்பின் கிக் போட்டு, மேலே வரும்போதே முன்னால் இருப்பார். மேடையில் மிச்சம் பிடித்த நொடித்துளியை மோசமான நுழைவில் தொலைக்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்று, நிலைத்தன்மை. ஒலிக்கு முன் கிளம்பினால் இப்போதெல்லாம் முதல் தவறுக்கே வெளியேற்றம். 2004-இல் ஆஸ்திரேலியத் தேர்வுப் போட்டியில் இயன் தோர்ப் நிலை தடுமாறித் தண்ணீரில் விழுந்து 400 மீட்டரில் தகுதியிழந்தார். அதில் தகுதி பெற்றிருந்த சக வீரர் கிரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் தோர்ப் ஏதென்ஸ் ஒலிம்பிக் போய் அந்த 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். கால்களை முன்பின்னாக வைத்தால் இந்த ஆபத்து குறைவு, பதற்றக்காரப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

என் மாணவர்கள் பழகுவது தட்டையான மேடையில். அங்கே உதை பலமுள்ளவர்களுக்கு இன்றும் கிராப் ஸ்டார்ட்தான் சொல்லித் தருகிறேன். விதி கேட்பது ஒரு பாதமாவது முன் விளிம்பில் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. போட்டி நடத்துபவர்கள் சுற்றறிக்கையிலேயே பலகை உள்ள மேடையா, இல்லாததா என்று போட்டுவிட்டால், ஒரு மாதம் முன்பே அதற்கேற்பப் பழக்கிவிடலாம்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளர் ஒருவர்,
சேலம்.