இறக்கத்தில் நியூட்ரல் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் எரிபொருள் மிச்சம் பிடிக்கச் சொல்லியிருந்த யோசனைகளில் டயர் காற்றும் வீண் சுமையும் பற்றி எழுதியது சரிதான். ஆனால் நடுவில் ‘இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டலாம்’, அதாவது எந்தக் கியரும் போடாமல் வண்டியை ஓடவிடலாம் என்று ஒரு வரி வந்திருந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு இப்போது இரண்டு வண்டி வைத்திருக்கிறேன், அந்த வேலையை நானும் இளவயதில் செய்தவன்தான்.

முதலில் மிச்சக் கணக்கு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பழைய பம்ப் வைத்த டீசல் லாரியிலும் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதைத்தான் செய்கிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் ஓட எரிபொருள் குடித்துக்கொண்டே இருக்கும். லேசான சரிவில் வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் உருளும், அது உண்மை. பிரேக் போட வேண்டிய அளவுக்கு இறக்கம் இருந்தால் மிச்சம் என்று எதுவும் இல்லை.

அப்புறம் சூடு. 25 டன் லாரி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, சுமார் 250 லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை இன்ஜினும், புகை போகும் வழியை அடைத்து இன்ஜினைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொள்ளும், நியூட்ரலில் ஏறக்குறைய முழுவதும் பிரேக் தலையில்தான். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறி விரியும், அதை அழுத்திப் பிடிக்கும் லைனரின் பிடிப்பு குறையும், கால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது. படபடவென்று மிதித்துக்கொண்டே இருந்தால், பிரேக்கை இயக்கும் காற்றும் டேங்கில் இறங்கிவிடும்.

சரி, உடனே கியரைப் போட்டுவிடலாமே என்பீர்கள். இளவயதில் ஒருநாள் நியூட்ரலில் உருட்டியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வேகம் கூடிய பிறகு கியர் கரகரவென்று அரைத்ததே தவிர விழவில்லை, பக்கத்தில் கிளீனர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரிவு முடிந்து சமதளம் வந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எந்தக் கியரில் அந்த ஏற்றம் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இன்றைய வண்டிகளுக்கு அதைவிட ஒரு கியர் குறைவாகக்கூட வேண்டியிருக்கும். எதுவானாலும் சரிவு தொடங்குமுன்பே மாற்றிவிட வேண்டும், பாதி வழியில் அல்ல. பிரேக்கில் காலை ஒட்டியே வைத்திருக்காமல், கொஞ்சம் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள். லைனர் கருகும் வாடை வந்தால் பத்திரமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும்.

கார்க்காரர்களுக்கும் இதேதான். ஆட்டோமேட்டிக் என்றால் டி-யிலேயே விடாமல் எல் அல்லது மேனுவலில் கியரைக் குறைத்து இறங்குங்கள். இன்ஜினையே அணைத்து உருட்டும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள்: இரண்டு மூன்று மிதியிலேயே, பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும், சாவியை உருவினால் பல கார்களில் அது பூட்டியே விடும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துப் பெடல் பஞ்சு போல இறங்கும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இறக்கத்தில் லோடு லாரிக்கு முன்னால் வெட்டிப் புகுந்து பிரேக் போடாதீர்கள். அவர் விட்டிருக்கும் இடைவெளி உங்களுக்குக் காலி இடமாகத் தெரியலாம், அவருடைய பிரேக்கே அதுதான்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்