மாப்ளே, ரோலர் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. உன் தங்கச்சி கல்லிடை அப்பளம் இரண்டு கட்டு எடுத்து வைத்துவிட்டு, யார் பெங்களூர் போகிறார்கள் என்று தெருவில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே தங்கச்சியையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

தை பிறந்ததும் நீ எழுதியதற்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். உங்கள் கோல்ஃப் கிளப்பில் கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கிற புல்தரையை, உருட்ட நாலு ரோலருக்குக் கொட்டேஷன் வாங்கி அனுப்பி, "நீ எதைச் சொல்கிறாயோ அதை வாங்குகிறேன், கமிட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய். படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி ஓடியது, ஏழாம் நம்பர் வந்து குறுக்கே நின்றது, அப்படியே மூடி வைத்துவிட்டேன். பிறகு அறுவடை, பிறகு அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று சாக்குக்குப் பஞ்சமில்லை. என் பதில் வருவதற்குள் நீ எதையாவது வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதே என்ற பயம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போனில் பேசியபோது, இன்னும் வாங்கவில்லை, கமிட்டிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். நல்லதாகப் போயிற்று.

போன வாரம் நம் வயலில் பிசானம் அறுப்பு. கன்னடியன் கால் பக்கத்து வயல், உனக்குத் தெரியாததா, தண்ணீரை நிறுத்தி இருபது நாள் ஆனாலும் தொழி மாதிரி கிடக்கும். டயர் வைத்த அறுப்பு வண்டிக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, இறங்கினால் ஏற முடியாது என்று போய்விட்டார். பெல்ட் வண்டி வந்தது, மணிக்கு வாடகை கூடத்தான். அது இறங்கி ஒரு சுற்றுப் போனதும் நான் பின்னாலேயே போய்க் குனிந்து பார்த்தேன். அத்தனை டன் இரும்பு போன தடத்தில் விரல் கணு அளவுக்குத்தான் மண் அமுங்கியிருந்தது. பக்கத்தில் என் கால் பட்ட இடத்தில் கணுக்கால் வரை குழி, அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அங்கேயே உன் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ அனுப்பிய கொட்டேஷனில் எல்லாம் கிலோவுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறாய். எது கனமோ அது கிரீனைக் கெடுக்கும், எது லேசோ அது நல்லது என்று கமிட்டியில் யாரோ சொல்லியிருக்கிறார். அவரை நம் வயலுக்கு அனுப்பு. மொத்த எடையை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது மாப்ளே, அந்த எடை எத்தனை சதுர அங்குலத்தில் பரவுகிறது என்பதுதான் கணக்கு. உருளை நீளமாக, விட்டம் பெரிதாக இருந்தால் கனத்த வண்டியும் புல்லுக்கு லேசாகத்தான் இருக்கும். நல்ல கிரீன்ஸ் ரோலர் மண்ணில் கொடுக்கிற அழுத்தம், நடந்து போகிற மனிதன் பாதம் கொடுப்பதை விடக் குறைவு. விற்கிறவரிடம் கிலோவைக் கேட்காதே, ஆள் உட்கார்ந்த நிலையில் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று கேள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

நம் பெரியவர் சொல்வாரே, அவர் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது கிரீன் மேல் ரோலர் என்று பேச்செடுத்தாலே அடிக்க வருவார்கள் என்று. அது உண்மைதான். 1900-களின் தொடக்கத்தில் உருட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், மண் கிரீன் எல்லாம் இறுகிப் போனதும் பயந்து நிறுத்திவிட்டார்கள். 1960-இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் மணல் கிரீனுக்கு முறை வகுத்தது, 10 சென்டிமீட்டர் சரளைக்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. மணல் சேறு மாதிரி இறுகாது. அதனால்தான் 1990-களில் லேசான ரோலர்கள் வந்தபோது உருட்டுவது மறுபடி தலையெடுத்தது. உன்னுடைய 18-இல் புதிய 12 கிரீன் அந்த முறையில் போட்டது, பழைய ஆறும் வெறும் செம்மண்ணைக் குவித்து மேலே புல் வைத்தது. ஒரே வண்டியை வைத்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி உருட்டினால் அந்த ஆறும் இரண்டு வருஷத்தில் திண்ணை ஆகிவிடும். அவற்றுக்குப் பதம் பார்க்க வேண்டும். மண்ணைக் கையில் எடுத்துப் பிடி, பிடித்தது உதிராமல் உருண்டையாக நின்று பளபளத்தால் அன்றைக்கு ரோலர் ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது. கமிட்டிச் செயலாளருக்கு மருமகன் விளையாட வந்தாலும் சரி.

அப்புறம் அந்த ஸ்டிம்ப் சண்டை, கிரீனில் பந்து எத்தனை அடி ஓடுகிறது என்று அளக்கிற கோலை வைத்து. பக்கத்துக் கிளப்பில் 10, நமக்கு 9-தான் என்று உன்னைக் குடைகிறார்களாமே. ஸ்டிம்ப்சன் என்பவர் 1935-இல் ஓக்மான்ட்டில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்த்துவிட்டு அந்தக் கோலைச் செய்தார், 1976-இல் அதைத் திருத்தி, 1978-இல்தான் பராமரிப்பு ஆட்கள் கையில் கொடுத்தார்கள். ஒரே கோர்ஸில் இருக்கிற கிரீன்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான் கொடுத்தார்கள், ஊருக்கு ஊர் போட்டி போடுவதற்கு இல்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அரை அடிக்குக் குறைவான வித்தியாசம் ஆடுகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. கமிட்டியில் இதைச் சொல். ரோலர் போட்டால் வேகம் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேகத்துக்காக மட்டும் அதை வாங்குகிறாய் என்றால் பாதிப் பலனைத்தான் வாங்குகிறாய். வாரத்தில் இரண்டு நாள் அறுக்காமல் உருட்டு மட்டும் போடு. பிளேடை ஒரு மயிரிழை உயர்த்தி வை. பந்து அதே வேகத்தில்தான் ஓடும், புல்லுக்கு இலை மிச்சம், வேர் ஆழமாக இறங்கும். அதே பல்கலைக்கழகத்துச் சோதனையில், தொடர்ந்து உருட்டிய இடத்தில் டாலர் ஸ்பாட் குறைந்தது என்றும் கண்டார்கள். காசு காசாக வெளுத்துப் போகும் அந்த நோய்க்கு வருஷத்துக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறாய் என்று உனக்கே தெரியும். மருந்துச் செலவைக் கணக்குப் போட்டு ரோலர் விலைக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பொருளாளர் வாயைத் திறக்கமாட்டார்.

சரி, எந்த வண்டி. புல் அறுக்கிற மோவரில் பிளேடைக் கழற்றி உருளையை மாட்டிக்கொள்ளலாம், மலிவு என்று ஒருவர் சொல்கிறாராம். வேலை சீக்கிரம் முடியும், மணல் தூவிய பிறகு மணலை உள்ளே இறக்க அதிர்கிற உருளை மாட்டினால் அருமையாக இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் உன்னிடம் இருப்பது ஒரே ஒரு டிரிப்ளெக்ஸ் மோவர். காலையில் அதை அறுக்க அனுப்புவாயா, உருட்ட அனுப்புவாயா? போதாததற்கு, ஒவ்வொரு நாளும் டயர் அதே ஓரத்து வளையத்தில்தான் திரும்பும், ஏற்கெனவே அங்கே புல் தேய்ந்து கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பக்கவாட்டில் உட்கார்ந்து முன்னும் பின்னும் போகிற வண்டிதான் உனக்குச் சரி. டோரோ, ட்ரூ-டர்ஃப், சால்ஸ்கோ, ஸ்மித்கோ என்று நீ எழுதியிருந்த நாலுமே அந்த வகைதான், நாலும் உருப்படியான வண்டிதான். அவற்றுக்குள் எது என்பதைக் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

இப்போது ஏழாம் நம்பர்.

துபாய்க் கோல்ஃப் கோர்ஸில் வேலை பார்த்தபோது நாம் அதை எத்தனை வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். யாராவது டீயைக் கொட்டினால் ஏழாம் நம்பர், சட்டையில் குழம்பு பட்டால் ஏழாம் நம்பர். டீசல் அண்ணாச்சி ஊருக்குப் போகிற அன்றைக்குக்கூட ஏர்போர்ட்டில் அதைச் சொல்லித்தான் உன்னைக் கட்டிப்பிடித்தார். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன், நான் சிரித்திருக்கக் கூடாது.

ஏழாம் கிரீன் கெட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த ரோலர் ஒர்க்‌ஷாப்பில் என் கையில்தான் இருந்தது. கிரீஸ் அடித்து முடித்துக் கீழே குனிந்தபோது ஹைட்ராலிக் ஹோஸ் மோட்டாரில் போய்ச் சேருகிற நட்டுக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய் தொங்கிக்கொண்டிருந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். துணியால் துடைத்தேன். ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தேன், மறுபடி கோத்து நின்றது. ஹோஸின் ரப்பர் நட்டுக்குப் பக்கத்தில் வெடித்து உள்ளே இருக்கிற கம்பி வலை தெரிந்தது. ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள், ரூமுக்குப் போகிற வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று துணியை எறிந்துவிட்டு ஓடிவிட்டேன். நோட்டில் எழுதவில்லை. உன்னிடம் சொல்லவும் இல்லை.

காலை நாலரைக்கு நீ எடுத்துக்கொண்டு போனாய். இருட்டு, பனி ஈரம், ஹெட்லைட் வெளிச்சத்தில் எண்ணெயும் பனியும் ஒரே மாதிரிதான் மின்னும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மத்தியானம் பார்த்தால் ஏழாம் கிரீனில் ஒன்பது கோடு, வெந்துபோன பழுப்பில், அடிஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. நீ சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினாய், கரித்தூள் போட்டாய், நர்சரியிலிருந்து புல் வெட்டி வந்து ஒவ்வொரு கோடாக மண்டியிட்டு ஒட்டினாய், ஐம்பது டிகிரி வெயிலில். பார்க்காமல் ஓட்டியது உன் தப்பு என்று பதினைந்து நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். அந்த மாசம்தான் அத்தைக்குக் கண் ஆபரேஷனுக்கு நீ பணம் அனுப்ப வேண்டியிருந்தது. என்னிடம் கடன் கேட்டாய். நான் கொடுத்தேன், நீ மூன்று மாசத்தில் திருப்பிக் கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன். அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது மாப்ளே. சொட்டைப் பார்த்தவன் நான், சொல்லாதவன் நான், அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டவனும் நான்.

உன் மகள் கல்யாணத்துக்கு வரும்போது அந்தப் பணத்தை உன் கையில் கொடுப்பேன். எல்லாரும் இருக்கிற இடத்தில் மறுத்து மானத்தை வாங்கிவிடாதே. கோபம் இருந்தால் அதற்கு முன்னாலேயே போன் போட்டுத் திட்டிவிடு, எந்நேரமானாலும் எடுக்கிறேன்.

ரோலரைப் பற்றி நான் சொல்வது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பேட்டரி வண்டி வருகிறது, எண்ணெய் ஹோஸே இல்லாத மாடல் இருக்கிறது. விலை கூடுதல்தான், பேட்டரி மாற்றும்போது இன்னொரு செலவு, ராத்திரி முழுக்கக் கரண்ட் நிற்காமல் இருக்க வேண்டும். ஆனாலும் கமிட்டி ஒத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கு. ஒத்துக்கொள்ளாவிட்டால், ஹோஸ் எல்லாம் எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார். மூடியைக் கழற்றாமலே ஒவ்வொரு நட்டும் கண்ணில் படுகிற வண்டியை எடு. மூடி மறைத்து அழகாக இருக்கிற வண்டி வேண்டாம். ஹோஸும் பேரிங்கும் பெங்களூரிலேயே கிடைக்குமா, எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எழுத்தில் வாங்கு.

ஓட்டப்போகிற பையனையும் இப்போதே முடிவு செய். ஆனித் தேரில் சறுக்குக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோமே, அத்தனை ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது அந்த நாலு பேர் கையில். ரோலரும் அப்படித்தான். கிரீன் மேல் நிறுத்தக் கூடாது, காலரை, அதாவது கிரீனைச் சுற்றியிருக்கிற புல் விளிம்பை, தாண்டிப் போய்த்தான் திசை மாற்ற வேண்டும், அதிலும் தினம் ஒரே இடத்தில் திருப்பினால் காலர் செத்துவிடும், இன்றைக்கு ஓரடி தள்ளி, நாளைக்கு ரெண்டடி தள்ளி. பெடலைத் தட்டினால் புல் கிழியும், மெதுவாக விட வேண்டும். நிதானமான பையன் வேண்டும், கெட்டிக்காரப் பையன் வேண்டாம். அவனிடம் முதல் நாளே ஒரு டார்ச்சும் வெள்ளைத் துணியும் கொடு. ஷெட்டிலிருந்து எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நட்டையும் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சொட்டு இருந்தால் வண்டி நிற்கட்டும், அன்றைக்கு உருட்டாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதைச் சொன்னதற்காக அவனை யாரும் ஏசக் கூடாது, நீ உட்பட. உனக்குக் காலையில் முன்கோபம் வரும், அது எனக்குத் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். நாலு பேரிடமும் ஒரு வாரம் டெமோ கேள். கொடுக்காதவரை விட்டுவிடு. பயிற்சிக் கிரீனை நடுவில் கயிறு கட்டி இரண்டாகப் பிரி, ஒரு பாதியில் மட்டும் உருட்டு, தினம் காலையும் சாயங்காலமும் ஸ்டிம்ப் போட்டு எழுது. பழைய மண் கிரீன் ஒன்றிலும், ஓரமாக, இதே மாதிரி செய். ஒரு வாரம் கழித்து ஸ்க்ரூடிரைவரைக் கையால் குத்திப் பார், இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி இறங்குகிறதா என்று. நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன், இந்தத் தடவை அன்றைக்கே பதில் வரும்.

சித்திரையில் நாகர்கோவில் வண்டியில் வருகிறாய் என்று அத்தை சொன்னார்கள். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு நானே வந்துவிடுகிறேன். வந்தால் வயலுக்குக் கூட்டிப் போகிறேன், பெல்ட் வண்டி போன தடம் காய்ந்து அப்படியே கிடக்கிறது, உழாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
கல்லிடை மச்சான்