ஆகாயத்தாமரையைத் திருத்திக் கொடுத்தவங்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியால என் எழுத்தைப் படிச்சுத் திருத்திக் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள்ல ஒருத்தரைக்கூட நான் நேர்ல பாத்ததில்ல, பயனர் பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயர்களைப் போட்டே இதை எழுதலாமான்னு யோசிச்சேன், அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன். என்னென்ன செஞ்சீங்கன்னு சொன்னாலே யாரைச் சொல்றேன்னு உங்களுக்குப் புரிஞ்சிடும், மத்தவங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த வேலைதான்.

ஆகாயத்தாமரை பத்தி நாலஞ்சு வரில இருந்த ஒரு குறுங்கட்டுரையை விரிவாக்கலாம்னு உக்காந்தேன். குளத்தையே மூடிக்கிட்டு ஊதாப் பூ பூத்து நிக்குமே, அந்தச் செடி. சின்ன வயசுலேருந்து பாத்த செடிங்கிறதால எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சு மணல்தொட்டில (விக்கில எழுதிப் பழகுற பக்கம்) ஒரே மூச்சா எழுதி, கட்டுரைக்குள்ள கொண்டுபோய் ஒட்டிட்டேன். செடியோட அமைப்பு, தண்ணிக்கு அது செய்ற கேடு, கடைசியா மருத்துவ குணம்னு ஒரு பகுதி, சித்த மருத்துவத்துல இதை எதுக்கெல்லாம் பயன்படுத்துறாங்கன்னு. சான்றுன்னு மொத்தம் மூணு லிங்க் குடுத்திருந்தேன்.

மறுநாள் காலைல பாத்தா கட்டுரையோட உரையாடல் பக்கத்துல ஒரே ஒரு கேள்வி, கூடவே ரெண்டு படம். "நல்ல முயற்சி, தொடர்ந்து எழுதுங்க. ஒரு சந்தேகம், நீங்க சொல்றது எந்தச் செடி? மேல் பாதி ஒரு செடி மாதிரியும் மருத்துவப் பகுதி வேற செடி மாதிரியும் தெரியுது."

எனக்கு முதல்ல புரியவே இல்ல. ஆகாயத்தாமரைன்னா ஆகாயத்தாமரைதானே. அப்புறம் நீங்க குடுத்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன் அண்ணா (அண்ணாவான்னு தெரியாது, அப்படித்தான் கூப்பிடத் தோணுது). ஒண்ணு நான் சொன்ன ஊதாப் பூச்செடி, காம்பு உருண்டு உப்பி வெங்காயம் மாதிரி இருக்கும், அதனாலதான் வெங்காயத்தாமரைன்னு ஒரு பேரு. தென்னமெரிக்கால அமேசான் பக்கத்துலேருந்து வந்தது. இன்னொண்ணு பாக்கறதுக்கு மிதக்குற முட்டைக்கோஸ் மாதிரி, இலை மேல மெல்லிய முடி இருந்து வெல்வெட் துணி கணக்கா இருக்கும், பூ இருக்கறதே வெளிய தெரியாது, இலைக்கு நடுவுல அவ்வளவு சின்னதா ஒளிஞ்சிருக்கும். அதுக்கு அறிவியல் பேரு பிஸ்டியா. சித்த மருத்துவ நூல்கள்ல ஆகாயத்தாமரைன்னு சொல்றது இந்த பிஸ்டியாவைத்தான். பேப்பர்ல "ஏரியை ஆக்கிரமித்த ஆகாயத்தாமரை"ன்னு வர்றது பெரும்பாலும் அந்த ஊதாப் பூச்செடி. ரெண்டும் ஒரே குடும்பம்கூட இல்ல, பிஸ்டியா சேம்பு குடும்பத்துல வருது.

நான் என்ன பண்ணியிருக்கேன்னா, ஊதாப் பூச்செடியோட படத்தைப் போட்டு, அதுக்குக் கீழ பிஸ்டியாவோட மருத்துவ குணத்தை எழுதி வெச்சிருக்கேன்.

இதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. ஏன்னா வெங்காயத்தாமரை தண்ணில இருக்கற ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களை வேர் வழியா உறிஞ்சி வெச்சுக்கும், கழிவுநீரைச் சுத்தம் பண்ண அதைப் பயன்படுத்துறதே அந்தக் குணத்தாலதான். சாக்கடை கலக்குற குளத்துல வளந்த அந்தச் செடியை யாராவது என் கட்டுரையை நம்பி அரைச்சுக் குடிச்சிருந்தா? கலைக்களஞ்சியத்துல போட்டிருக்கேன்னுதானே நம்புவாங்க. நீங்க அந்தக் கேள்வியைக் கேக்கலைன்னா அது அப்படியே இருந்திருக்கும், வேற நாலு எடத்துல அதைக் காப்பி எடுத்துப் போட்டிருப்பாங்க, அப்புறம் அதையே சான்றா காட்டி இன்னொருத்தர் எழுதியிருப்பார்.

இன்னொரு விஷயம். தப்புன்னு தெரிஞ்சதும் மொத்தத்தையும் அழிச்சிட்டுப் போயிருக்கலாம், உங்களுக்கு ரெண்டு கிளிக் வேலை. ஆனா மருத்துவப் பகுதியை மட்டும் தற்காலிகமா மறைச்சு வெச்சுட்டு, மத்ததையெல்லாம் நீங்களே சரி பண்ணுங்கன்னு என்கிட்ட விட்டீங்களே, அதுதான் என்னை இன்னிக்கு வரைக்கும் அங்கயே எழுத வெச்சிருக்கு. புதுசா வர்றவங்க எழுதினது அழிஞ்சு போச்சுன்னா பெரும்பாலானவங்க திரும்ப வர மாட்டாங்க, நானும் வந்திருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் தலைப்பு பத்தி நடந்த பேச்சு. மூணு பேர், ஒம்பது நாள். வெங்காயத்தாமரைன்னுதான் தலைப்பு இருக்கணும்னு ஒரு ஐயா, மக்கள் தேடறதும் செய்தில வர்றதும் ஆகாயத்தாமரைன்னுதானே, அவங்க தேடினா கிடைக்க வேண்டாமான்னு ஒரு அக்கா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா சான்றைக் கொண்டாந்து அடுக்குனாங்க, ஒரு வார்த்தை சூடா வரலை. கடைசில ஆகாயத்தாமரைன்னு தேடினா ரெண்டு செடியையும் காட்டுற பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் ஒண்ணு, ரெண்டு செடிக்கும் தனித்தனிக் கட்டுரை, ஒவ்வொண்ணோட உச்சியிலயும் "இது அந்தச் செடி இல்லை"ன்னு ஒரு வரின்னு முடிவாச்சு. ஒரு பேருக்கு இவ்வளவு பேச்சான்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தோணலாம். அந்தப் பேர்தான் குழப்பமே, அதை அவிழ்க்காம மத்ததை எவ்வளவு அழகா எழுதியும் பிரயோஜனமில்ல. வேற மொழிக் கட்டுரைகளோட இருந்த இணைப்பும் மாறிக் கிடந்துச்சு, அந்த இணைப்பையெல்லாம் வெச்சிருக்கற விக்கித்தரவுங்கிற தளத்துல போய் அதை யாரோ சத்தமில்லாம சரி பண்ணியிருந்தீங்க, நான் ஒரு வாரம் கழிச்சுத்தான் கவனிச்சேன்.

அடுத்தது சான்று கேட்ட அக்காவுக்கு. வெள்ளைக்காரங்க காலத்துல ஒரு சீமாட்டி பூவோட அழகுக்காக இந்தச் செடியைக் கொண்டு வந்தாங்கன்னு நான் எழுதியிருந்தேன், சின்ன வயசுலேருந்து கேட்ட கதை. நீங்க அதுக்குப் பக்கத்துல "சான்று தேவை"ன்னு ஒரு குறி போட்டீங்க. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஊருக்கே தெரிஞ்சதுக்கு என்ன சான்றுன்னு. சரின்னு தேடுனேன். தேடத் தேட, ஒரு இணையதளம் இன்னொண்ணைக் கை காட்டுது, அது மூணாவதைக் காட்டுது, மூணாவது முதல் தளத்தையே காட்டுது. அடியில ஒண்ணுமே இல்ல. கடைசில நானே அந்த வரியை எடுத்துட்டு, அழகுச் செடியா பல நாடுகளுக்குப் பரவுச்சுன்னு உறுதியா தெரிஞ்சதை மட்டும் வெச்சேன். அன்னிலேருந்து எதைப் படிச்சாலும் இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கற பழக்கம் வந்திருச்சு. வாட்ஸ்அப்ல வர்றதைக்கூட சும்மா ஃபார்வர்ட் பண்றதில்ல.

நடுநிலை பத்திச் சொல்லிக் குடுத்தவருக்கும் நன்றி. "நீர்நிலைகளை விழுங்கும் கொடிய அரக்கன்"னு நான் எழுதுனதை எடுத்துட்டு, இலை நெருக்கமா மூடுறதால வெளிச்சம் கீழ போகாது, தண்ணில கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் குறையும், மீன் சாகும், கொசு பெருகும்னு வரிசையா எழுதினீங்க. படிச்சுப் பாத்தா அரக்கன்னு சொன்னதைவிட இதுதான் அதிகமா பயமா இருக்கு. அதோட நிறுத்தாம, இந்தச் செடியைத் தின்னு கட்டுப்படுத்தறதுக்காக விடுற நியோகெட்டினா கூன்வண்டு பத்தி ஒரு பத்தி முழுசா சேத்தீங்க, மூணு ஆய்வுக் கட்டுரை படிச்சிருக்கீங்க அதுக்கு. ஒரு பத்திக்கு மூணு ஆய்வுக் கட்டுரை!

இப்ப நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்ச ஒருத்தர். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு காட்டுற கட்டுரையோட வரலாற்றுப் பக்கத்துல உங்க பேர்தான் அதிகமா இருக்கு, எல்லாமே ராத்திரி பதினொரு மணிக்கு மேல, எல்லாமே சின்னச் சின்ன தொகுப்பு, அதாவது திருத்தம். பக்கத்துல பச்சை கலர்ல +6, +6, +5, +6னு போய்க்கிட்டே இருக்கும். ஆரம்பத்துல அது என்னன்னே தெரியாது எனக்கு. அப்புறம் ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன், அந்தத் திருத்தத்தால கட்டுரை எத்தனை பைட் (கணினில எழுத்தை அளக்கற அலகு) கூடுச்சுங்கிற கணக்கு அது. தமிழ்ல ஒரு எழுத்து மூணு பைட், புள்ளி தனியா மூணு பைட், ஆக ஒரு ஒற்று சேத்தா ஆறு. "அதை பற்றி"ன்னு நான் எழுதுனதை "அதைப் பற்றி"ன்னு மாத்தினா +6. "நீர் பரப்பு"ங்கிறதை இடைவெளியை எடுத்து "நீர்ப்பரப்பு" ஆக்கினா +5. சில தொகுப்புல 0ன்னு இருக்கும், ஒண்ணும் மாறலைன்னு நெனச்சேன், திறந்து பாத்தா குளம்னு வர வேண்டிய எடத்துல நான் குலம்னு அடிச்சிருக்கேன், ல-வை ள-வா மாத்தியிருக்கீங்க, கூட்டினதும் இல்ல கொறைச்சதும் இல்ல.

ஒரே கட்டுரைல முப்பத்தேழு எடம். எண்ணிப் பாத்தேன்.

இவ்வளவு பொறுமையா நான் எழுதினதை வாழ்க்கையில யாரும் படிச்சதில்ல, ஸ்கூல்ல பரிட்சை பேப்பர் திருத்தினவங்க உட்பட. நானே என் கட்டுரையை அவ்வளவு கவனமா படிச்சதில்ல. எங்க ஒற்று வரும் எங்க வராதுன்னு நான் கத்துக்கிட்டது உங்க தொகுப்புகளைப் பாத்துத்தான், இரண்டாம் வேற்றுமைக்குப் பின்னாடி வலி மிகும்னு ஸ்கூல்ல சொன்னப்ப மண்டைல ஏறலை, உங்க +6 சொல்லிக் குடுத்துச்சு. இந்த மடலைப் பேச்சுத்தமிழ்ல எழுதறேன், அதனால இதைத் திருத்த வேண்டாம், ஆனா கட்டுரைல இப்பல்லாம் உங்களுக்கு வேலை கொறைஞ்சிருக்கும்னு நம்பறேன்.

விக்கில யார் எதை மாத்தினாலும் வரிசையா காட்டுற அண்மைய மாற்றங்கள் பக்கத்தைப் பாத்துக்கிட்டே இருக்கறவங்களுக்கும் சொல்லணும். ஒரு நாள் யாரோ வந்து கட்டுரை முழுசையும் அழிச்சிட்டு ஒரு கெட்ட வார்த்தையைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தெரியவே தெரியாது, நான் தூங்கிக்கிட்டிருந்தேன். காலைல வரலாற்றைப் பாத்தா அழிச்ச நேரத்துக்கும் மீட்ட நேரத்துக்கும் நடுவுல நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்குப் பின்னாடி ஒருத்தர் தூங்காம உக்காந்திருக்கார், சம்பளமும் இல்ல, கட்டுரைக்கு மேல பேரும் போட மாட்டாங்க.

ஒரு இணையதளத்துலேருந்து ரெண்டு பத்தியை நான் அப்படியே எடுத்துப் போட்டிருந்ததைக் கண்டுபிடிச்சு நீக்கின நிருவாகிக்கும் நன்றி, அது காப்புரிமை மீறல்னு எனக்கு அப்ப தெரியாது. எல்லாருக்கும் தெரியற மாதிரி திட்டாம, என் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, விக்கில இருக்கறதை யார் வேணாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு உரிமம் குடுக்கறோம், அடுத்தவங்க எழுதினதுக்கு நாம எப்படி அந்த உரிமத்தைக் குடுக்க முடியும்னு கேட்டீங்க. சட்டம் புரிஞ்சதோ இல்லையோ, அந்தக் கேள்வி நல்லா புரிஞ்சுது.

செத்துப் போன லிங்க்குகளுக்குப் பதிலா இணையக் காப்பகத்துலேருந்து பழைய பக்கத்தைத் தேடிப் போட்டவங்க, பகுப்பு போட்டவங்க, படத்துக்குக் கீழ விளக்கம் எழுதினவங்க, ஆலமரத்தடில (விக்கியோட பொதுப் பேச்சுப் பக்கம்) நான் கேட்ட ஒண்ணாங்கிளாஸ் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவங்க, எல்லாருக்கும் நன்றி.

இப்ப ரெண்டு கட்டுரையும் தனித்தனியா நிக்குது. பிஸ்டியா கட்டுரைல பூவோட படம் இல்லைன்னு முதல்ல கேள்வி கேட்ட அண்ணா உரையாடல் பக்கத்துல எழுதியிருந்தீங்க, நான் எடுத்துத் தரேன்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை தண்ணில முட்டி வரைக்கும் இறங்கி, இலையை விரிச்சுப் பிடிச்சு ஒருவழியா எடுத்துட்டேன். விக்கிப் படங்களைச் சேத்து வெக்கிற பொதுவகத்துல ஏத்தியிருக்கேன், பின்பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கு, ஆனா பூ நல்லா தெரியுது. இந்தத் தடவை செடி சரியான செடிதானான்னு மட்டும் ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க, அப்புறம் கட்டுரைல சேத்துடறேன்.