ஒரே ஒரு பம்பு போதும், ஐயா

நாட்டின் எரிபொருள் கொள்கையை வகுப்போருக்கும், பெட்ரோல் விற்கும் நிறுவனங்களை நடத்துவோருக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். வத்தலக்குண்டில், கொடைக்கானல் மலைச்சாலைக்குத் திரும்பும் வழியில், முப்பது ஆண்டுகளாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் இருபது சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் ஏன் வந்தது என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்வது திருநெல்வேலிக்கே அல்வா கொடுப்பதாகும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலக்காத பெட்ரோல், ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கில், ஒரே ஒரு பம்பில் கிடைக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இந்த மடலை எழுத உட்காரவைத்தது ஒரு பில். தொகை ஆயிரத்து நூறு ரூபாய்.

என்னிடம் வண்டி விடும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய 1994 மாடல் மாருதி 800 என் கைக்குள்ளேயே வளர்ந்தது. இன்ஜினை இரண்டு முறை இறக்கி வேலை பார்த்திருக்கிறேன். சென்ற நான்கு மாதங்களில் அந்த வண்டி மூன்று முறை வழியில் நின்றது. மூன்றாவது முறை நின்றது மலைப்பாதையில், டம் டம் பாறைக்குச் சற்றுக் கீழே, மனைவியும் பேத்தியும் உள்ளே இருக்கும்போது. நான் பைக்கில் போய்ப் பார்த்தேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை இழுக்கும் பம்பின் டயஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, அப்பளம் போல ஊதிக் கிடந்தது. கையோடு கொண்டுபோயிருந்ததை மாட்டி வண்டியைக் கீழே கொண்டுவந்தேன். மறுநாள் பில்லைப் பார்த்தார். எதுவும் பேசாமல் பணத்தை எடுத்து வைத்தார். பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "தம்பி, போன மாதம் மாற்றியதும் இதே டயஃப்ரம்தானே?"

ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்வது? எத்தனால், ரப்பர் என்று விளக்கத் தொடங்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பொய் சொல்லும் மாணவனை எத்தனை ஆண்டுகள் பார்த்தவர் அவர்; அப்படியொரு பொறுமை முகத்தில் இருந்தது. அடுத்த வாரம் அவருடைய கார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அந்த வழியாகப் போன நான் பைக்கை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

நட்டம் ஆயிரத்து நூறு ரூபாய் இல்லை ஐயா. முப்பது ஆண்டுகளில் என்னை யாரும் திருடன் என்று நினைத்ததில்லை. உங்கள் பெட்ரோல் அதைச் செய்துவிட்டது.

அந்த இன்ஜினைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், அதைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கும். 796 சிசி. மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. போர் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72 மில்லிமீட்டர். பழைய கார்புரேட்டர் மாடலில் 37 குதிரைத் திறன். இன்றைய சில மோட்டார் சைக்கிள்களே அதைத் தாண்டிவிட்டன. 1983 டிசம்பரில் வந்த கார், 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. அதற்குள் இந்த நாட்டில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போன குடும்பங்களை மழையில் நனையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த 37 குதிரைகள்தான்.

குறையே இல்லாத இன்ஜின் என்று சொல்லமாட்டேன். எந்தச் சின்ன இன்ஜினுக்கும் வயதானால் வரும் நோய்கள் இதற்கும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் தளர்ந்து ஆயில் கசியும். பாயிண்ட் தேய்ந்து டைமிங் தவறும். ரேடியேட்டர் ஃபேனின் சுவிட்ச் வேலை செய்யாமல் போனதை ஓட்டுபவர் கவனிக்காவிட்டால் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஹெட் அலுமினியம், வளைந்துவிட்டால் கடைசலுக்கு அனுப்ப வேண்டும். டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்ற வேண்டும். இவை எல்லாமே எனக்கு மனப்பாடம். எது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று தேதி போட்டுச் சொல்வேன். இப்போது வருபவை அந்த அட்டவணையில் இல்லை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. எந்தத் திரவம் வருகிறது என்று அதற்குத் தெரியாது; பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் கொடுக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனாலாகிவிட்டால், பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட் வழியே வரும் எரிபொருள், இன்ஜின் இழுக்கும் காற்றுக்குப் போதாது. காலையில் சோக்கை முழுதாக இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஐடிலிங்கில் நடுங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். ஏற்றத்தில் சூடு கூடும். 2000க்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை.

அடுத்தது ரப்பர். பழைய ஹோஸ், டயஃப்ரம், ஃபுளோட் நீடிலின் நுனி எல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலக்காத காலத்தில் செய்யப்பட்டவை. ஊறிப் பெருக்கும், பிறகு வெடிக்கும். டேங்கில் முப்பது ஆண்டுகளாகப் படிந்திருந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கிறது. வாரம் ஒருநாள் கோயிலுக்கு மட்டும் எடுக்கும் வண்டி என்றால் இன்னும் மோசம். எத்தனால் ஈரத்தை இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மலை ஏறும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நிற்பது பழைய பிரச்சினைதான். இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஏறியவர்கள் அன்றும் உண்டு. இப்போது மலையேறும் வாடிக்கையாளர்களிடம் தண்ணீர் பாட்டிலோடு ஒரு பழைய வேட்டித் துண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடவும் எனக்கு மனமில்லை. சந்தையில் கிடைக்கும் போலி டயஃப்ரம்களும் ஒரு காரணம். ஆனால் அசல் எங்கே கிடைக்கிறது? பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சற்று முன்னதாக மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு அதிகமில்லை, சர்வீஸின்போதே மாற்றிவிடலாம் என்று 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தீர்கள். படித்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். கார்புரேட்டர் காலம் முடிந்தே கால் நூற்றாண்டு ஆகிறது. அந்த ரப்பர் பாகங்களின் கிட்டுக்காகச் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளிலிருந்து பிரித்தெடுத்ததையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். எந்தக் கடையில் அந்த மலிவான பாகம் கிடைக்கும் என்று முகவரி கொடுத்தால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்புகிறேன்.

மைலேஜ் கணக்கு உங்களுடையதுதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் இ20 ஊற்றினால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. என் வாடிக்கையாளர்களின் வண்டிகள் அந்தச் சரிசெய்தலைக்கூடப் பார்த்தவை அல்ல. ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் அறுபது எழுபது ரூபாய் காற்றில் போகிறது. பால்காரர் தண்ணீர் ஊற்றினால் விலையையாவது குறைக்கச் சொல்லிச் சண்டை போடலாம். பங்க்கில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இன்ஜினில் தட்டலைத் தடுக்கும் ஆக்டேன் எண் கூடியிருக்கிறதே என்பீர்கள். 87 ஆக்டேன் காலத்தில் பிறந்த இன்ஜினுக்கு 95 ஆக்டேன், பல் விழுந்த கிழவருக்கு முறுக்கு.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. இ20 படிப்படியாக வரட்டும், பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக இ10 பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்கட்டும் என்று உங்கள் அறிஞர்களே எழுதிவைத்தார்கள். இருபது சதவீத இலக்கை 2030இலிருந்து ஐந்து ஆண்டு முன்னே இழுத்தீர்கள், எட்டியும் காட்டினீர்கள். அந்த வேகத்தில் பக்கத்து வரி எப்படி விடுபட்டது? நான் கேட்கும் அந்த ஒரு பம்பு என் கற்பனை இல்லை ஐயா, உங்கள் காகிதத்தில் இருப்பது.

இடமில்லை, தனி டேங்க் வேண்டும் என்பீர்கள். நூறு ஆக்டேன் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்குப் பெரிய நகரங்களில் தனிப் பம்பு வைக்க இடம் கிடைத்தது. அதற்கும் முன்னால், 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்ததை நினைத்துப் பாருங்கள். ஈயம் கலந்ததும் கலக்காததும் பக்கத்துப் பக்கத்துப் பம்பில் விற்றன. 2000இல் நாடு முழுவதும் ஈயத்தை நிறுத்தும்வரை, எந்த வண்டிக்கு எது என்று பங்க் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் பில்கூட இல்லாத காலத்தில் முடிந்தது.

கரும்பு விவசாயிக்கு நல்லது, அந்நியச் செலாவணி மிச்சம் என்பதையெல்லாம் மறுக்கவில்லை. என் மாமனாரும் கரும்பு போட்டவர்தான். கரும்போடு நிற்கவில்லை, மக்காச்சோளமும் அரசுக் கிடங்கு அரிசியும் எத்தனாலுக்குப் போகின்றன. ரேஷன் கடை வரிசையில் என் அம்மா, அரிசி வேக மாட்டேன் என்கிறதே என்று புலம்பும்போது, நல்ல அரிசி கார்புரேட்டருக்குப் போய்விட்டது அம்மா என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய வண்டி வேண்டாம் என்றால் அதையாவது நேராகச் சொல்லிவிடுங்கள். இருபது ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டில் கட்டணத்தைப் பத்தாயிரம் ரூபாய் ஆக்கினீர்கள். எங்கள் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார்கள். ஓடலாம் என்று ஒரு கையால் சீட்டுக் கொடுத்துவிட்டு, ஓட வேண்டிய பெட்ரோலை இன்னொரு கையால் எடுத்துக்கொண்டால் அந்தப் பத்தாயிரம் எதற்கு? வாங்குங்கள், தவறில்லை. வாங்கியதற்கு ஒரு பம்பு கொடுங்கள்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதை மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கில், எத்தனால் பத்து சதவீதத்துக்கு மிகாத பெட்ரோல் ஒரு பம்பில். அதுவரை, எல்லாப் பம்பிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில், கண்ணாடி போடாதவருக்கும் தெரியும் அளவில் எழுதிவையுங்கள். அந்த எண்ணைக் காட்டியாவது வாடிக்கையாளரிடம் என் பில்லுக்குக் காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த நான்கு மாதங்களில் கழற்றிய டயஃப்ரம்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். பதினேழு இருக்கின்றன. பரிசோதிக்க வேண்டும் என்றால் கேளுங்கள், கூரியர் செலவு என்னுடையது. தலைமை ஆசிரியருடையதை மட்டும் தரமாட்டேன். அவர் ஒருநாள் இந்தப் பக்கம் வந்தால் காட்ட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
கார் மெக்கானிக் ஒருவன்
வத்தலக்குண்டு