அண்ணன் குரலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலை ஒன்றேகால் வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். வேலை முழுதாக முடியட்டும், அப்புறம் எல்லோருக்கும் சேர்த்து நன்றி சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். வெள்ளத்தில் நனைந்த அண்ணனின் கேசட்டுகளில் கடைசியும் போன வாரம் முடிந்துவிட்டது. இனித் தள்ளிப் போட எனக்கு மனசில்லை.

உங்களில் பலருக்கு இதில் ஒரு பகுதிதான் தெரியும். தண்ணீர் கேன் கொடுத்தவருக்கு அது எதற்கென்று முழுசாகத் தெரியாது. ரிச்சி தெரு பாய்க்கு என் அம்மாவைத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது பெரியவர். 2009-ல் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதமும் சினிமாப் பாட்டும்தான் ஓடும். பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் பாட்டுகளைக் கொண்டுவந்தது அவர். கல்லூரியில் படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்.பி. ரெக்கார்டுகளைப் புரட்டிக்கொண்டே இருப்பார். கல்கத்தா டம் டம் ஆலையில் அச்சான ரெக்கார்டுகள். யார் யாரோ கேட்டு முடித்து எடைக்குப் போட்டவை. அதில் கீறல் குறைவாக இருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எடுப்பார். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது, வீட்டில் ஒரு சாவு விழுந்தது போல இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

ரெக்கார்டு வாங்கக் காசில்லாத மாதங்களில் ரேடியோதான். சிலோன் ஆங்கில ஒலிபரப்பு, பி.பி.சி. சிற்றலை. பர்மா பஜாரில் வாங்கிய டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்வார். ஒயர் போட்டு இணைக்கத் தெரியாத காலம், மைக் வழியாகத்தான் பதிவாகும். தெருச் சத்தம், குக்கர் விசில் எல்லாம் பாட்டோடு சேர்ந்தே வரும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சிலோன் அறிவிப்பாளர் மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு, தேதி, கிழமை, பாட்டின் பெயர் எல்லாம் சொல்லி வைப்பார். இப்படி நாற்பத்தாறு கேசட். ரெக்கார்டுகள் இருபத்து மூன்று. அவர் போன பிறகு அண்ணி அவற்றை என்னிடம் கொடுத்தார். நான் பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். பல வருடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

2023 நவம்பர் 2-ஆம் தேதி பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ வெளிவந்தது. இந்தப் பாட்டின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் பிற்பகுதியில், பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரான ஜான் லெனன் நியூயார்க் வீட்டில் பியானோ முன்னால் உட்கார்ந்து, சாதாரண கேசட் ரெக்கார்டரில் பாடி வைத்தது அது. 1980 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994-ல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்தக் கேசட்டை நால்வரில் இன்னொருவரான பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அதிலிருந்த வேறு இரண்டு பாட்டுகளை மீதி மூவரும் சேர்ந்து 1995, 96-ல் முடித்து வெளியிட்டார்கள். இந்தப் பாட்டை மட்டும் முடிக்க முடியவில்லை. பியானோ சத்தம் குரலை அமுக்கியது, மின்சார இரைச்சல் வேறு. கைவிட்டுவிட்டார்கள். 2001-ல் அந்த மூவரில் ஜார்ஜ் ஹாரிசனும் போய்விட்டார். பிறகு சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள், கலந்து கிடக்கும் ஒலியிலிருந்து ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனியாகப் பிரிக்கும் மென்பொருளை உருவாக்கினார்கள். லெனனின் குரல் தனியே கிடைத்தது. 1995-ல் ஹாரிசன் வாசித்து வைத்திருந்த கிட்டாரைச் சேர்த்து, எண்பதைத் தாண்டிய மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் வாசித்துப் பாட்டை முடித்தார்கள்.

நான் அதை ஹெட்போனில் கேட்டேன். தொடக்கத்தில் ஓர் எண்ணிக்கை, பியானோ, உடனே லெனனின் குரல். பக்கத்து அறையிலிருந்து பாடுவது போலத் தெளிவாக இருந்தது. எனக்கு என் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். பொங்கல் முடிந்ததும் கேசட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

டிசம்பர் 4-ஆம் தேதி வேளச்சேரியில் எங்கள் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தது. மிக்ஜாம் புயல்.

முதல் நன்றி மாடி வீட்டுத் தம்பிக்கும் அவர் மனைவிக்கும். விடியற்காலையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, எண்பத்தெட்டு வயது அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றியவர்கள் நீங்கள். மறுபடியும் இறங்கி வந்து, “அங்கிள், வேற என்ன எடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க” என்று கேட்டீர்கள். நான் பத்திரம், பாஸ்புக், அம்மாவின் மாத்திரை என்று சொன்னேன். கேசட்டுகள் என் நினைவிலேயே இல்லை. இரவு உங்கள் வீட்டு ஹாலில் படுத்திருந்தபோதுதான் சுருக்கென்றது. அதற்குள் பீரோ பாதிக்கு மேல் மூழ்கிவிட்டது. கரண்ட் இல்லாத அந்த மூன்று நாளும் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தீர்கள். அம்மாவுக்கு மட்டும் சாதத்தைக் குழைத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

தண்ணீர் வடிந்த அன்று பீரோவைத் திறந்தேன். கறுப்புச் சேறு. கேசட் பெட்டிகளுக்குள்ளும் சேறு. அவர் கையால் எழுதி ஒட்டிய லேபிள்கள் எல்லாம் மை கரைந்து வெறும் நீலத் திட்டாகக் கிடந்தன. வெயிலில் காய வைக்கலாம் என்று மொட்டை மாடிக்குக் கொண்டு போனேன். அந்த நேரத்தில் திருச்சியிலிருந்து நண்பரின் மாமனார் போன் செய்தார். ஒலிப்பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐயா, நீங்கள் மட்டும் அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

“காய வைக்காதீங்க. சேறோட காஞ்சா டேப்போட ஒட்டிக்கும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். சுத்தமான குளிர்ந்த தண்ணியில முழுக்கி வைங்க, கழுவ முடியறப்ப ஒவ்வொண்ணா எடுங்க” என்றார். நனைந்ததை நனைந்தபடியே வைக்கச் சொல்கிறாரே என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தும் அவர் சொன்னபடி செய்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம், தினமும் மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு, அன்றைக்கு எத்தனை ஆயிற்று என்று விசாரித்தார்.

கடைசியாக அலசக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். ஊரே குடிதண்ணீருக்கு அலைந்த வாரம் அது. பேட்டரிக் கடைக்காரரிடம் போனேன். அவர் கடைக்குள்ளேயே பேட்டரிகள் மிதந்திருந்தன. எதற்கென்று கேட்டார், அண்ணன் குரல் இருக்கிறது என்றேன். மேல் தட்டில் நனையாமல் இருந்த ஐந்து லிட்டர் கேன்கள் ஆறையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். தன் கடை மூழ்கிக் கிடக்கும்போது அப்படிச் செய்ய எப்படி மனசு வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ரொம்ப நன்றி அண்ணாச்சி.

ரெக்கார்டுகள் பிழைத்தது எதிர்வீட்டு அக்காவால். வினைல் தட்டுக்குத் தண்ணீர் பெரிதாக ஒன்றும் செய்யாது, அட்டைதான் போகும். ஒன்றோடொன்று ஒட்டிப் போன அட்டைகளை நான் இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தபோது, “நகருங்க, முறுக்கு ஒட்டிக்கிட்டா எடுக்குற மாதிரி எடுக்கணும்” என்று சொல்லி உட்கார்ந்தார். மழுங்கிய கத்தியை நுழைத்து, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, ஒன்றொன்றாகப் பிரித்தார். இருபத்து மூன்றில் பதினேழு அட்டைகள் மிஞ்சின. பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ரெக்கார்டின் அட்டை கூழாகிவிட்டது. தட்டு நன்றாகப் பாடுகிறது.

அடுத்தது ரிச்சி தெரு பாய். கேசட் போட்டுக் கேட்கும் என் பழைய டெக்கை மற்ற கடைகளில் கையில்கூட வாங்கவில்லை. உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. பாய் அதைச் சுரண்டி எடுத்துப் புது பெல்ட் போட்டார். பிறகு, எங்கே தேடினாரோ தெரியாது, திருகு கழற்றித் திறக்கக்கூடிய காலிக் கேசட் கூடுகள் ஐம்பது பிடித்துக் கொடுத்தார். கழுவிக் காய்ந்த டேப்பைப் பழைய கூட்டிலிருந்து எடுத்துப் புதுக் கூட்டில் மாட்டக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். டேப்பைத் தொடும் முன் கையைக் கழுவச் சொல்வார். ஒவ்வொரு கேசட்டுக்கும், டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட் பக்கத்துத் திருகை மயிரிழை திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்பார். மங்கலாக இருந்த ஒலி சட்டென்று திறக்கும். “இப்ப வந்துட்டாரு பாருங்க” என்பார். அண்ணனைத்தான் சொல்வார். பொருள் விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

லேபிள் இல்லாததால் எது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது. அண்ணனே சொன்னார். பாட்டு முடியும், ஒரு கனைப்பு, பிறகு தேதியும் கிழமையும். அவர் சொல்லச் சொல்ல நான் புது லேபிள் எழுதினேன்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியது பள்ளிக்கரணைத் தம்பி. அப்போது பொறியியல் கடைசி வருடம். அவன் வீட்டிலும் தண்ணீர் புகுந்து, அவன் புத்தகங்கள் போயிருந்தன. அப்படியிருந்தும் ஞாயிறு தவறாமல் வந்தான். ஊறிய டேப் எத்தனை தடவை ஓடும் என்று சொல்ல முடியாது, அதனால் முதல் தடவை ஓடும்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். பீட்டில்ஸ் யாரென்று அவனுக்குத் தெரியாது. இப்போது ரிங்கோவின் டிரம்ஸைப் பற்றி என்னோடு வாதம் செய்கிறான்.

சில டேப்புகள் ரொம்ப மோசம். கடைசியாக மிஞ்சிய கேசட்டை 2025 பிப்ரவரியில் போட்டோம். ‘நவ் அண்ட் தென்’ பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்த வாரம் அது. லெனனின் மகன் ஷான் மேடையேறி வாங்கினார். அப்பா சுடப்பட்டபோது அவருக்கு ஐந்து வயது.

கேசட்டில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு அண்ணன். இந்தத் தடவை அறிவிப்பாளர் குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல். “இன்னைக்கு டிசம்பர் ஒம்பது, செவ்வாய்க்கிழமை. ஜான் லெனனைச் சுட்டுட்டாங்க. அவர் வீட்டு வாசல்லயே.” நியூயார்க்கில் 8-ஆம் தேதி இரவு நடந்தது, நமக்கு 9-ஆம் தேதி காலை. அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. ரேடியோவில் பாட்டுகள் மட்டும் போகின்றன. நடுவில், பாட்டில் கிட்டார் மட்டும் வரும் இடத்தில், பின்னால் ஏதோ பேச்சு கேட்பது போல இருந்தது. எனக்குப் புரியவில்லை. தம்பிதான், “இருங்க, பிரிச்சுப் பார்க்கலாம்” என்றான். டெமக்ஸ் என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். மெக்கார்ட்னிக்குச் செய்தார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலை முதலில் நீக்கினான். பிறகு கிட்டாரை ஒரு பக்கமும் பேச்சை ஒரு பக்கமும் ஒதுக்கினான். இரண்டு இரவு உட்கார்ந்தான்.

அம்மாவின் குரல். “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, வாடா.” சிறிது நேரம் கழித்து அண்ணன், “வரேம்மா.”

நாற்பத்து நாலு வருடம் அது அந்தக் கிட்டாருக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. பதிவு செய்த அண்ணனே கேட்டிருப்பாரா, தெரியாது.

அம்மாவுக்குத் தொண்ணூறு நடக்கிறது. காது சரியாகக் கேட்காது. ஹெட்போனை மாட்டிவிட்டேன். தன் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார். அண்ணன் குரல் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தரம் போடு” என்றார். அன்றைக்கு ஏழெட்டுத் தரம் போட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணிக்கு மொத்தப் பதிவையும் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறோம். தினம் ஒரு கேசட் கேட்பதாகச் சொன்னார். அவரும் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்.

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் யார் பெயரும் எழுதவில்லை. உங்களுக்கு உங்களைத் தெரியும்.

கடைசியாக ஒன்று. பள்ளிக்கரணைத் தம்பி, உன்னை உன் அம்மாவோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்கிறார் அம்மா. வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். இன்றைக்கே போன் பண்ணு, காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அன்புடனும் நன்றியுடனும்,
வேளச்சேரி தரைத்தளத்து வீட்டிலிருந்து