கோவில் அறிவிப்புகளை ஓடையாக்கித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மொரீஷியஸில் நம் கோவில்கள் சிலவற்றின் அறிவிப்புகள் இப்போது படிப்பவரின் உலாவிக்குள்ளேயே (பிரவுசர்) செய்தியோடையாக, அதாவது புதிய அறிவிப்புகள் தாமாக வந்து சேரும் பட்டியலாக, வந்து சேர்கின்றன. காவடிக்குக் கொடியேற்றம் என்றைக்கு, புரட்டாசியில் கோவிந்தன் பூசை எங்கே, தீமிதி எந்த ஞாயிறு என்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தேட வேண்டியதில்லை. இதற்காக உழைத்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சரி, பெயரை விட்டுவிடுகிறேன். செய்த வேலையையாவது நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும்.

2024 ஜனவரி 15 உங்களுக்கு நினைவிருக்கும். பொங்கல் அன்று பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. விழாவை ஒத்திவைத்த செய்தியைச் சில கோவில்கள் உடனே தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டன. ஆனால் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? வாட்ஸ்அப்பில் பழைய அழைப்பிதழ்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடை வேண்டும் என்ற பேச்சு எங்களுக்குள் அன்றுதான் தொடங்கியது.

நம் கோவில் பக்கங்கள் பெரும்பாலும் வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் கையால் எழுதிய எளிய கோப்புகள். ஓடை தயாரிக்கும் நிரலை ஓட்ட அவற்றுக்குப் பின்னால் சர்வர் வசதி இல்லை, அதற்குக் காசும் இல்லை. பக்கத்தை எப்படியும் உலாவி திறக்கிறது, தலைப்பும் தேதியும் செய்தியும் அதில் இருக்கின்றன, அப்புறம் ஏன் அங்கேயே ஓடையாக மாற்றக் கூடாது என்று கேட்டவர் ரெதுய் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி. அவருக்கு முதல் நன்றி.

இந்த யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. எச்டிஎம்எல் பக்கத்தில் பக்கத்தின் பகுதிகளுக்கு வழக்கமாக இடும் கிளாஸ் என்ற அடையாளப் பெயர்களைக் கொண்டே இது பதிவு, இது தலைப்பு, இது தேதி என்று சொல்லிவிடலாம் என்பதை டேவிட் ஜேன்ஸும் டான்டெக் செலிக்கைச் சுற்றியிருந்த மைக்ரோஃபார்மட் குழுவினரும் 2005 வாக்கில் ஹெச்ஆட்டம் என்ற பெயரில் வகுத்தார்கள். ஓடையை எழுதும் வடிவங்களில் ஒன்றான ‘ஆட்டம்’ (Atom) என்பதன் தரம் அதே ஆண்டு டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது; மார்க் நாட்டிங்காமும் ராபர்ட் சேயரும் அதன் தொகுப்பாளர்கள். ஹெச்ஆட்டம் பக்கத்தை ஆட்டமாக மாற்றும் கோப்பை, ஆவணத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில், லூக் ஆர்னோ எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். நாங்கள் இப்போது பயன்படுத்துவது ஹெச்ஆட்டத்தின் அடுத்த தலைமுறையான ஹெச்-என்ட்ரி குறிகள். முகம் தெரியாத இவர்கள் அன்று திறந்து வைத்துவிட்டுப் போன வேலையில்லாமல் எங்களால் ஓரடி எடுத்து வைத்திருக்க முடியாது.

ஆனால் என் மனதில் முதலிடம் ரோஸ் ஹில்லில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்குத்தான். நிரல் சில பக்கங்களில் முடிந்துவிடும். குறி போடுவதற்கு முடிவே இல்லை. கோலத்தில் புள்ளி சரியாக விழுந்தால்தான் இழை ஓடும், அந்தப் புள்ளி வைத்தவர் அக்கா. பழைய அறிவிப்பு ஒவ்வொன்றையும் திறந்து, எங்கே ஒரு செய்தி தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, தலைப்புக்கும் தேதிக்கும் இணைப்புக்கும் தனித்தனியாகக் கிளாஸ் பெயர் எழுதினார். தேதியில் அவர் காட்டிய அக்கறையைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்தில் ‘தை 12, சனிக்கிழமை’ என்று மக்கள் படிக்கும்படி இருக்கும். அதையே டைம் என்ற எச்டிஎம்எல் குறிக்குள் வைத்து, இயந்திரத்துக்காக 2025-01-25 என்றும், மணியும், நம் நாட்டுக்குரிய +04:00 என்ற நேர வேறுபாடும் எழுதிவைத்தார். அந்த நேர வேறுபாடு இல்லாத தேதியை ஆட்டம் ஏற்காது. தமிழ் மாதத்தை ஆங்கிலத் தேதியாக மாற்ற ஒவ்வொரு முறையும் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், ஊகித்து எழுதவே இல்லை.

தம்பி முதலில் எல்லாவற்றையும் எக்ஸ்எஸ்எல்டியில் எழுதியிருந்தார். 1999 முதல் தரமாக இருக்கும் மொழி, உலாவிகளிலும் நெடுநாளாக இருந்துவருகிறது. 2025இல் குரோம் குழுவினர் அதைத் தங்கள் உலாவியிலிருந்து எடுக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். தம்பி முணுமுணுக்காமல் முழுவதையும் உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுதினார். துண்டு துண்டாகச் சொற்களை ஒட்டி ஓடையை உண்டாக்காமல், ஒவ்வோர் உறுப்பையும் கிளைவிட்ட மரம்போல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, கடைசியில் ஓடை எழுதப்படும் குறிமொழியான எக்ஸ்எம்எல்லாக மாற்றினார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இடைவெளிக்காக எச்டிஎம்எல்லில் எழுதும் ‘என்பிஎஸ்பி’ குறியை எக்ஸ்எம்எல்லுக்குத் தெரியாது. அது ஓரிடத்தில் அப்படியே நுழைந்தாலும் ஓடை முழுவதும் நின்றுபோகும். மரமாகக் கட்டினால் அந்தத் தொல்லையே இல்லை.

சென்னையிலிருந்து மின்னஞ்சலில் உதவிய அண்ணனை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. படங்கள் ஓடையில் வராமல் போனதற்குக் காரணம் கண்டுபிடித்தவர் அவர். பக்கத்தில் படத்தின் முகவரி பாதிதான் எழுதியிருக்கும். அதை எழுதியபடியே எடுத்துப் போட்டால், ஓடைக்குள் போனதும் எந்தத் தளத்துப் படம் என்று தெரியாமல் போய்விடும். திறந்திருக்கும் பக்கத்திலிருந்தே கேட்டால் உலாவி முழு முகவரியைத் தந்துவிடும் என்று சொல்லி, மாற்ற வேண்டிய வரியையும் எழுதி அனுப்பினார். பதிவின் அடையாளம் ஒருபோதும் மாறக் கூடாது, நிலையான இணைப்பையே அடையாளமாக வையுங்கள் என்று வலியுறுத்தியவரும் அவரே. இல்லாவிட்டால் ஒரே காவடி அழைப்பு திறக்கும்போதெல்லாம் புதிதுபோல் வந்து நிற்கும்.

ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்துப் பக்கத்தைப் படிக்க உலாவி விடாது. நல்ல காவல்தான் அது. அதனால் உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலான நீட்சியாகச் செய்து, கோவில் தளம் ஒவ்வொன்றுக்கும் படிப்பவரிடமே அனுமதி கேட்கும்படி வைத்தோம். இடையில் ஒரு சர்வர் வைத்தால் வேலை சுலபமாக முடியும் என்ற பேச்சு வந்தபோது சங்கத்துப் பெரியவர் ஐயா ஒப்பவில்லை. யார் எந்தக் கோவிலைப் பார்க்கிறார்கள் என்ற கணக்கு யார் கையிலும் சேரக் கூடாது என்றார். அவர் பிடிவாதம் சரியானது. அவருக்கு என் வணக்கம்.

கத்ர் போர்னில் இருக்கும் பாட்டிக்குக் கண் மங்கல், போனை வாசிக்கச் சொல்லித்தான் கேட்பார். தமிழ் அறிவிப்பைப் பிரெஞ்சுக் குரல் வாசித்தால் ஒன்றும் புரியவில்லை என்று சொன்னார். அன்றிலிருந்து பதிவு ஒவ்வொன்றிலும் அது தமிழா பிரெஞ்சா என்ற மொழிக் குறியும் ஓடைக்குப் போகிறது. அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, பாட்டி சொல்லித்தான் வந்தது.

இனிப் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறி விழா தள்ளிப்போனால், அக்கா அந்த அறிவிப்பிலேயே செய்தியைத் திருத்தி, மாற்றிய நேரத்தைக் குறித்துவிடுவார். அடையாளம் அதேதான், நேரம் மட்டும் புதிது. நம் நீட்சி அதை ‘மாற்றப்பட்டது’ என்று மேலே கொண்டுவந்து காட்டும். தங்கள் கோவில் பக்கத்துக்கும் குறி போட விரும்புகிறவர்கள் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் அக்காவைப் பார்க்கலாம். கூட உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
பக்கக் குழுவின் சார்பில்