பெயர் கேட்காமல் விட்ட, மரப்படகு கட்டும் ஓடாவிக்கு

மண்டபம் கரையில் பழைய பாய்மர வள்ளம் ஒன்றின் அடியில் எபாக்சிப் பட்டியும் கையுமாகப் படுத்திருந்தவன் நான்தான். இரண்டு கோடை காய்ந்ததில் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதையெல்லாம் இறுக அடைத்துவிடுவது என் திட்டம்.

“தம்பி, அதை வைக்காதீங்க. தண்ணியில இறங்குனா பலகை ஊதும். ஊத இடமில்லேன்னா ஆணியைப் பிடுங்கிரும்” என்றீர்கள்.

அப்புறம் மூன்று மாலைகள். பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, புதுப் பஞ்சைத் திரியாக முறுக்கி, இடைவெளி அடைக்கும் கலப்பத்து உளியால் இணைப்புக்குள் இறக்கினோம். நான் ஓங்கி அடித்தேன். அளவாக அடித்தால் சுத்தியலின் சத்தமே மாறும் என்று காதால் கேட்கச் சொன்னீர்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். (அந்த வாடை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.) ஏராவை (வள்ளத்தின் அடிக்கட்டையை) ஒட்டிய முதல் பலகையில் திருப்புளியால் குத்தி, அது அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு மரம் உளுத்திருந்ததைக் காட்டியதும் நீங்கள்தான். பெயின்ட் அடித்து நான் மறைத்திருப்பேன். உப்புத் தண்ணீரைவிட, உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர்தான் மரத்தை உளுத்துப்போக வைக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

கூலி என்றதும் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

போன வாரம் இறக்கினோம். முதல் இரவு முழுக்க வாளியால் இறைத்தேன். மூன்றாம் நாள் ஒரு குவளைத் தண்ணீர்தான். ரொம்ப நன்றி ஐயா. உங்கள் கொட்டாப்புளி, அந்த மரச்சுத்தியல், என்னிடமே இருக்கிறது.